பணயம்

தென்பெண்ணைக் கரையிலிருந்து மேற்கே கல்வராயன் மலையின் அடிவாரம் வரையில் விரிந்து கிடக்கும் கள்ளக்குறிச்சிச் சீமையில், கோடைகாலத்து இரவொன்றில் பிரயாணம் செய்கிறவன், ஏதாவதொரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலின் எதிரே மத்தளமும் முகவீணையும் முழங்க, கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்த கூத்தர்கள் விடிய விடிய ஆடிக்கொண்டிருப்பதையும், அவர்களைச் சுற்றிக் குழந்தை குட்டிகளோடு ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருப்பதையும் காணாமல் கடந்துபோவது அரிது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாட்கள் தொடர்ந்து நடக்கும் அந்த உற்சவத்தில், துகிலுரிதல் ஆடப்படும் இரவுக்கு மட்டும் தனியானதொரு கனம் உண்டு. துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலைத் தலைப்பைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, தாம் செய்யப்போவது வேஷத்தின் காரியமே அன்றித் தம்முடைய காரியம் அன்று என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அதைக் கண்டு கூட்டத்திலே கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதையடுத்து அந்தக் கேள்வி எழுகிறது. தன்னையே சூதில் தோற்று அடிமையாகிவிட்ட ஒருவனுக்கு, அதற்கப்புறம் தன் மனைவியைப் பணயம் வைக்க என்ன உரிமை இருக்கிறது என்று திரௌபதி சபையைப் பார்த்துக் கேட்கிறாள். தர்மத்தின் கதி சூக்ஷ்மமானது என்று சொல்லிப் பீஷ்மர் ஒதுங்கிக்கொள்கிறார். கௌரவரில் ஒருவனான விகர்ணன் மாத்திரம், அவள் வெல்லப்பட்டவள் அல்லள் என்று துணிந்து சொல்கிறான், அவனையும் அடக்கிவிடுகிறார்கள். சேலை வளர்கிறது, கூட்டம் கோவிந்தா என்று கூவுகிறது, கேள்வி மட்டும் பதிலில்லாமல் நின்றுபோகிறது.

அந்தக் கேள்வியை நான் சினிமாவோடு சேர்த்து நினைக்கத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன. கையிலே பணமில்லாமல் முதற்படம் எடுக்கப் புறப்பட்டவர்களின் வரலாறு எந்த மொழியில் எழுதப்பட்டாலும் அதிலே ஒரு நகைப்பெட்டி வந்துவிடுகிறது. அடகுக் கடைக்குப் போன வளையல், விற்கப்பட்ட அரைக்காணி, பேட்டாகூடப் பேசாமல் வந்து நின்ற சிநேகிதர்கள், அவர்களுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்ட தாயார், இவை இல்லாத கதை இல்லை. இவை அனைத்தையும் நாம் தியாகம் என்ற ஒரே சொல்லில் அடக்கி, அந்தச் சொல்லை எடுத்து இயக்குநரின் கழுத்திலே மாலையாகப் போட்டுவிடுகிறோம். தியாகம் செய்தவர் யார், அது யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற விசாரத்தில் இறங்குவதில்லை. சொற்பப் பணத்தில் ஒரு படத்தை முடிக்கும் வழி என்ன என்று கேட்டால் பதில் சொல்லத் தொழில் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பிறருடைய பொருளையும் காலத்தையும் உடலையும் என் மனத்திலுள்ள ஒரு காட்சிக்காக நான் பணயம் வைக்கலாமா என்று கேட்டால், பதில் தேடித் திரௌபதி அம்மன் கோயில் வாசலுக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது.

மற்றக் கலைகளில் இந்தக் கேள்வி இவ்வளவு கடுமையாக எழுவதில்லை. கவிஞன் பட்டினி கிடந்து எழுதினால் அந்தப் பட்டினியில் பெரும்பகுதி அவனுடையதே. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் உளி பிடித்து மரத்திலே தெய்வ உருவம் செதுக்கும் விசுவகர்மர்கள் இருக்கிறார்களே, 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலையில், ஒரு மூக்கு பிசகிப்போனால் ஒரு மரத்துண்டும் செதுக்கியவருடைய சில நாள் உழைப்பும் வீணாகும். நஷ்டம் அந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டாது. சினிமா அப்படிப்பட்டதன்று. அது ஒருவன் மனத்திலே உதித்து நாற்பது பேருடைய தோளிலே நடக்க வேண்டிய கலை. ஆகவே பணமில்லாதவன் சினிமா எடுக்கத் துணியும்போது, அவன் இல்லாமை அவனோடு நிற்பதில்லை. அவனை நம்பி வந்த ஒவ்வொருவர் இலையிலும் அது ஒரு பிடி சோற்றைக் குறைத்துவிடுகிறது.

சென்னையிலே பத்து வருஷம் உதவி இயக்குநராகக் காலம் கழித்துவிட்டு, தன் முதற்படத்தைக் கல்வராயன் மலையிலே எடுப்பதென்று தீர்மானித்துப் புறப்படும் ஓர் இளைஞனை நினைத்துப் பார்ப்போம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைப் பக்கத்தில் விட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வெள்ளிமலையை அடைகிறபோது, இவ்வளவு அழகைச் சிருஷ்டித்த இறைவன் தனக்காகவே ஒரு பெரிய அரங்கத்தை இலவசமாகப் போட்டு வைத்திருப்பதாக அவன் நினைப்பான். கருமந்துறைப் பக்கத்துச் சரிவுகளிலும் கரியாலூரைச் சுற்றியும் மரவள்ளிக் கொல்லைகள், சாமை விளைந்த புனங்கள், மேகம் அருவி, பெரியார் அருவி என்று கண் போன இடமெல்லாம் காட்சிகளாகவே இருக்கும். இரண்டாம் நாளிலே அவனுக்குத் தெரிந்துவிடும், இங்கே இலவசமாகக் கிடைப்பது ஒன்றுமே இல்லை என்று. காமிராவுக்கு வாடகை நாட்கணக்கில். மூடுபனி இறங்கி எதிரிலிருக்கும் மரம் மறைந்துபோனாலும் அந்த வாடகை நிற்பதில்லை. ஜெனரேட்டர் வண்டிக்குக் கொடுக்கப் பணமில்லாததால் சூரியனையே விளக்காகக் கொண்டு, வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பிக்கொண்டிருக்கும்போது, மலைமேல் ஒரு மேகம் வந்து தங்கிவிட்டால் அன்றைய பிழைப்பு போயிற்று. ஐப்பசியில் பச்சைப் பசேலென்று எடுத்த காட்சியின் மறுபாதியை, பணம் புரட்டிக்கொண்டு மாசியில் வந்து எடுக்கப் போனால், புல் கருகிக் கிடக்கிறது. சாமை அறுவடையாகி நிலம் மொட்டையாக நிற்கிறது. முக்கிய வேஷத்தில் நடித்த மலைக்காரப் பையன் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். கதைக்குள் ஒரே மாலைப்பொழுதாக இருக்க வேண்டியது நாலு மாத இடைவெளியில் பிளந்து நிற்கிறது.

இயற்கையோடு இப்படி மல்லுக்கட்டுவதைப் பற்றி எனக்கு யாதொரு புகாரும் இல்லை. அது தவத்துக்கு நிகரானது என்றே சொல்வேன். பணமுள்ளவன் மேகத்தை விரட்டச் செயற்கை வெளிச்சத்தைக் கொண்டுவருகிறான். பணமில்லாதவன் மேகத்தைத் தன் கதைக்குள் ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்கிறான். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துப் பொட்டலிலே உச்சிவெயிலையே ஒரு பாத்திரமாக்கிப் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்', 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருதைப் பெற்றது. கணவனால் விரட்டப்பட்டுக் குழந்தையோடு நடந்து வந்த தம் சகோதரியின் துயரமே அதற்கு மூலம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பணமின்மை கலைஞனின் கண்ணைக் கூர்மையாக்கும் என்பதற்கு அது ஒன்றே போதுமான சாட்சி. ஆனால் தவம் என்பது தானாக ஏற்ற கஷ்டம். ரிஷி தன் உடம்பைச் சுற்றிப் பஞ்சாக்கினி மூட்டிக்கொள்ளலாம்; பக்கத்து வீட்டுக்காரனை உள்ளே நிறுத்தி மூட்ட அவனுக்கு அதிகாரமில்லை. வறுமையிலே எடுத்ததனால் ஒரு படம் புனிதமாகிவிடுகிறது என்று பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். வெயிலிலே நின்று அட்டை பிடித்த பையனுக்கு அது தவமா, பட்டினியா என்பதை இயக்குநர் தீர்மானிக்க முடியாது.

இந்தியாவில் கதைப்படம் என்ற கலையின் பிறப்பே இந்தக் கேள்வியின் மடியில்தான் நிகழ்ந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. 1913-ஆம் வருஷம் மே மாதம் 3-ஆம் தேதி பம்பாய் கரோனேஷன் அரங்கத்தில் வெளியான தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்காக, இன்ஷ்யூரன்ஸ் பத்திரமும் அடகு போயிற்று, மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகு போயின. அந்த அம்மாள் நகையைக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. படக்குழு முழுவதுக்கும் சமைத்துப் போட்டாள். பிலிமின் ஓரத்திலே துளையிடவும், ரசாயனங்களைக் கலக்கவும் கற்றுக்கொண்டாள். படத்தின் கதையோ, சத்தியத்தைக் காப்பதற்காக ஓர் அரசன் நாட்டை இழந்து, பிறகு மனைவியையும் மகனையும் விற்ற கதை. அதிலே மகனாக நடித்தவன் பால்கேயின் சொந்த மகன். ராணியாக நடிக்கப் பெண் யாரும் முன்வராததால், உணவுவிடுதியில் வேலை பார்த்த ஸாளுங்கே என்ற வாலிபர் அந்த வேஷத்தைப் போட்டார். திரைக்குள்ளே ஓர் ஆண் ராணி வேஷத்தில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, திரைக்கு வெளியே அடுப்பங்கரையில் உண்மையான ராணி குழுவுக்கெல்லாம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஹரிச்சந்திரனின் சத்தியத்தைக் கொண்டாடாத புராணப் பிரசங்கி இல்லை; விற்கப்படச் சம்மதமா என்று சந்திரமதியைக் கேட்டார்களா என்று கேட்ட பிரசங்கியை நான் இன்னும் கேட்கவில்லை.

தென்னாட்டுச் சினிமாவின் தொடக்கமோ திரௌபதியின் பேரிலேயே அமைந்துவிட்டது. மோட்டார் உதிரிபாக வியாபாரியாக இருந்த ஆர். நடராஜ முதலியார், பூனாவில் ஓர் ஆங்கிலக் காமிராக்காரரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ அமைத்து, முதல் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்'. அடுத்து அவர் எடுத்தது 'திரௌபதி வஸ்திராபகரணம்'. ஸ்டூடியோவில் பற்றிய தீயும் மகனின் மரணமும் சேர்ந்து அவரை 1923-ல் அந்தத் தொழிலைவிட்டே விலகச் செய்தன. அவர் எடுத்த படங்களில் ஒரு சுருள்கூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எதை வைத்தார் என்பது ஓரளவு தெரிகிறது. அவருக்காக மற்றவர்கள் எதை வைத்தார்கள் என்பது படங்களோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும் என்று அறிவேன். அது பலமான வாதம். ஸத்யஜித் ராயைப் பாருங்கள் என்பார்கள். 1952-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நாணற்பூக்கள் வெண்மையாகப் பூத்துக் கிடந்த வெளியில் 'பதேர் பாஞ்சாலி'யின் முதற்காட்சியைப் பாதி எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதியை எடுக்கப் போனால், அத்தனை பூவையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன; மறுபடியும் பூக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. விளம்பரக் கம்பெனி உத்தியோகத்தை விடாமல் ஓய்வு நாட்களில் படம் எடுத்தார். இன்ஷ்யூரன்ஸ் பேரில் கடன் வாங்கினார். சேர்த்து வைத்திருந்த புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்று கிடந்தது. கடைசியில் முதல் மந்திரி பி.சி. ராய் மனம் வைத்து, மேற்கு வங்க அரசாங்கமே பணம் கொடுத்தது. படத்தின் பெயரிலே பாதை என்ற சொல் இருந்ததனால் அதைச் சாலை அபிவிருத்திக் கணக்கிலே எழுதினார்கள் என்பது பிரசித்தமான கதை. இடைப்பட்ட காலத்தில் அபுவாக நடித்த பையனின் குரல் உடையவில்லை, துர்காவாக நடித்த பெண் வளர்ந்துவிடவில்லை, எண்பது வயதுக் கிழவியாகிய சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. இவை மூன்றும் அற்புதங்கள் என்று ராயே சொன்னார். 1955-ல் படம் வெளியானதும் உலகம் முழுவதும் அதை வணங்கிற்று. அந்த நகைகளை அடகு வைத்திராவிட்டால் இந்த மகா சிருஷ்டி நமக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்த பலன் அந்தச் செயலை நியாயப்படுத்திவிடவில்லையா?

இல்லை என்பதே என் பதில். இதைச் சொல்லும்போது 'பதேர் பாஞ்சாலி'யின் முன்னால் நான் கைகூப்பியே நிற்கிறேன். துகிலுரிதல் இரவிலே சேலை வளர்ந்தது உண்மை. ஆனால் சேலை வளர்ந்தது பகவானுடைய அனுக்கிரகத்தினால். தருமபுத்திரன் அவளைப் பணயம் வைத்தது சரி என்பதனால் அன்று. சேலை வளர்ந்துவிட்டதே, ஆகையால் சூதாடியதிலே குற்றமில்லை என்று கூத்துப் பார்க்கிற எந்தக் கிழவியும் சொல்லமாட்டாள். முதற்படத்தின் வெற்றியும் அப்படியே வருவது. மாடு மேய்ந்த பூ மறு வருஷம் பூத்ததும், ஒரு கிழவியின் மூச்சு மூன்று வருஷம் நீடித்ததும் இயக்குநரின் தர்மத்துக்குக் கிடைத்த கூலி என்றால், அதே நகையை அடகு வைத்து, அதே சிரமங்களைப் பட்டு, பாதியில் நின்றுபோன படங்களின் சொந்தக்காரர்கள் அதர்மிகள் என்றல்லவா ஆகும்? வென்றவர்களின் கதையை மட்டும் நாம் கேட்கிறோம். மீட்கப்படாத வளையலைப் பற்றி, ஏலத்துக்குப் போன காணியைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை. பலன் நம் கையில் இல்லை என்று கீதை சொல்வதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளும் உரிமை, தன் கையிலிருந்ததை மட்டும் வைத்தவனுக்கு உண்டு. பிறர் கையிலிருந்ததை வைத்தவனுக்குப் பலனைப் பற்றி இரவெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் கடமை உண்டு.

சம்மதித்துத்தானே கொடுத்தார்கள் என்பது அடுத்த வாதம். சம்மதம் என்ற இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க, மலையிலிருந்து இறங்கி, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகம் வரையில் போக வேண்டும். முப்பத்திரண்டு லட்சணங்களும் பொருந்திய ஒருவனைக் காளிக்குக் களப்பலி கொடுத்தால் பாண்டவர்களுக்கு ஜயம் நிச்சயம் என்று தெரிந்தபோது, அப்படிப்பட்டவர்கள் கிருஷ்ணனும் அர்ச்சுனனும் நாககன்னிகையின் மகனான அரவானும் ஆகிய மூவரே இருந்தார்கள் என்றும், அரவான் தன்னைத் தர இசைந்தான் என்றும் நம் நாட்டுப் பாரத மரபு சொல்லும். சாகுமுன் மணம் செய்துகொள்ள வேண்டுமென்று அவன் கேட்டான். கண்ணன் மோகினியாகி அவனை மணந்தான். வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் யுத்தத்தையும் கடைசிவரை பார்க்க வேண்டுமென்று கேட்டான்; அதுவும் கிடைத்தது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் திருநங்கையர் கூத்தாண்டவராகிய அரவானின் சந்நிதியிலே தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் களப்பலிக்குப் பின் வளையல் உடைத்து, தாலி அறுத்து, மார்பிலே அடித்துக்கொண்டு அழுகிறார்கள். யுத்தத்திலே ஜெயித்தவர்கள் பாண்டவர்கள். வருஷம் தவறாமல் அழுகிறவர்கள் வேறு யாரோ.

அரவான் சம்மதித்தான் என்பதில் ஐயமில்லை. அந்தச் சம்மதத்தைக் கேட்டவர்கள் யார்? தந்தையும் தந்தையின் சகோதரர்களும். அன்பினாலே கட்டுண்டவனிடம் கேட்கப்படும் கேள்விக்கு மாட்டேன் என்ற பதில் இருக்கிறதா? உன் நகையைக் கொடுக்கிறாயா என்று கணவன் கேட்கும்போதும், இந்த ஒரு படம் மட்டும் சம்பளமில்லாமல் செய்துகொடு மாப்பிள்ளை என்று சிநேகிதன் கேட்கும்போதும், மறுக்க முடியாத இடத்திலே நின்று கொடுக்கும் சம்மதத்துக்குச் சம்மதம் என்ற பெயர் முழுவதும் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பொருந்தவே பொருந்தாது என்றும் நான் சொல்லத் துணியமாட்டேன். அன்பினாலே கொடுப்பதெல்லாம் நிர்ப்பந்தம் என்று தள்ளிவிட்டால் உலகத்தில் குடும்பம் ஏது, சிநேகம் ஏது? அரவானின் சம்மதத்தைக் கொச்சைப்படுத்தினால் அவனுடைய வீரத்தையும் அல்லவா கொச்சைப்படுத்துகிறோம்? நான் கேட்பதெல்லாம், கேட்கிறவன் தன் கேள்வியின் எடையை அறிந்துகொண்டு கேட்க வேண்டும் என்பதுதான்.

கல்வராயன் மலையில் இந்த எடை இன்னும் கூடுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து தெய்வத்தையும் சுமந்துகொண்டு வந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்களின் இந்த மலை, இந்தியா சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது வருஷங்கள் கழிந்து, 1976 வரையில் மூன்று ஜாகீர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. ஜாகீர்தாருக்கு வரி கொடுத்ததோடு, கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இன்றும் அங்கே திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலே ஒரு படக்குழு போய் இறங்கி, இரண்டு நாள் வந்து கூட்டத்தில் நில்லுங்கள், உங்கள் வீட்டு முற்றத்தைக் கொடுங்கள், உங்கள் ஊரைப் பற்றிய படம்தானே என்று பரிவோடு கேட்டாலும், காசில்லாத வேலை என்பதற்கு அந்த மலையிலே ஒரு பழைய பெயர் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. காமிராவைப் பற்றியும் அவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மலைக்கும் காமிராக்கள் ஏறின. சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒரே அடையாளத்தை ஒட்டிவிட்டு இறங்கின. மலைமக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரிக்க நேர்ந்ததும் அதன் பிறகுதான். முதற்படம் எடுக்க வருகிற நம் இளைஞன் இந்தக் காமிராக்களின் வரிசையிலே வந்து நிற்கிறவன். நான் அப்படிப்பட்டவன் அல்லன் என்று அவன் மனமாரச் சொல்லலாம். அதை நம்பும் கடமை மலைக்கு இல்லை.

அப்படியானால் ஏழை படம் எடுக்கவே கூடாதா? இந்த முடிவுக்குத்தான் என் வாதம் இட்டுச் செல்கிறது என்றால் அந்த வாதத்தை நானே கிழித்துப் போடுவேன். பணமுள்ளவர் மட்டுமே கதை சொல்லும் நாட்டிலே சொல்லப்படாத கதைகளின் பாவம் அதைவிடப் பெரியது. கேட்பதற்கு வேறு விதங்கள் இருக்கின்றன. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் 'ஒடேஸா' என்ற கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், சாப்ளின் படத்தைத் திரையிட்டுக் காட்டியும் தெருநாடகம் போட்டும், சாமானிய ஜனங்களிடம் சில்லறை சில்லறையாகச் சேர்த்த பணத்திலே 1986-ல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார். ஒருவருடைய முழு நகையையும் கேட்காமல் ஆயிரம் பேருடைய ஒரு ரூபாயைக் கேட்பது என்ற அந்த வழி நம்முடைய பழைய பிக்ஷை தர்மத்தோடு ஒத்தது. கொடுத்தவன் கொடுத்ததனால் அழிந்துபோகமாட்டான், வாங்கியவன் தன்னுடையது என்று மார்தட்டவும் முடியாது. நம் கூத்தும் அவ்வாறு நடப்பதுதான். திரௌபதி அம்மன் உற்சவத்துக்கு ஊரிலே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, கூத்தருக்குக் கூலியைப் பேசி, விடிந்ததும் கொடுத்து அனுப்புகிறார்கள். பக்தியைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் வழக்கம் அங்கே கௌரவமாகக் கருதப்படுவதில்லை. பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் சங்ககிரி ராஜ்குமார் தம் ஊர் ஜனங்களையே நடிகர்களாக்கி, சாமியார்களின் வஞ்சகத்தை எதிர்த்து 'வெங்காயம்' என்ற முதற்படத்தை எடுத்து 2011-ல் வெளியிட்டார். அதை எடுத்த பாட்டையே கதையாக்கி 2025-ல் 'பயாஸ்கோப்' என்ற படமாகத் தந்தபோது, அதிலும் கிழவிகளும் ஊர்க்காரர்களும் வந்து நிறைந்தார்கள். ராயும், நோய்ப்படுக்கையிலிருந்த சுனிபாலா தேவியின் வீட்டுக்கே படத்தை எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினார் என்று சொல்வார்கள். பணயமாக வந்தவளைப் பார்வையாளராக உட்கார வைத்த அந்த ஒரு மாலைக்காக அவரிடம் எனக்குள்ள பக்தி இரட்டிப்பாகிறது. அரவானும் தன் தலைக்கு விலையாக அதைத்தானே கேட்டான்?

இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில் ஓர் இடைகழி இருந்தது. மழை இரவிலே ஒதுங்க இடம் தேடி வந்த பொய்கையாழ்வார் அதிலே படுத்துக்கொண்டார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாம் என்று முதல்வர் எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வார் வந்தார், இருவர் உட்காருகிற இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றார்கள். அந்த இருட்டிலே, அந்த நெருக்கத்திலே, நாலாவதாக ஒருவர் தங்களை நெருக்குவதை உணர்ந்து, விளக்கேற்றிப் பார்த்தபோது அவர் பெருமாளே என்று கண்டார்கள் என்பது வைஷ்ணவ மரபு. சொற்ப இடத்திலே, சொற்ப வசதியிலே நிகழ்ந்த அந்தத் தரிசனத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம், வெளிச்சத்தைப் பார்ப்பதற்காக இருட்டிலே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சினிமாக் கொட்டகை என் நினைவுக்கு வருகிறது. ஆனால் என்னை அதிகமாகக் கவர்வது விளக்குக்கு முந்திய கணம். முதலில் வந்தவர், பின்னால் வந்தவரை மழையிலே நிற்கச் சொல்லவில்லை. தம் படுக்கையை விட்டு எழுந்தார். இல்லாமையைப் பங்கிடும்போது முதற்பங்கைத் தாமே எடுத்துக்கொண்டார். காமிரா வாடகை போக மிஞ்சியிருப்பது இரண்டு வேளைச் சோற்றுக்கு மட்டும் என்று ஆகும் நாளிலே, பாத்திரத்தைச் சுரண்டிக் கடைசியாக உண்பவன் இயக்குநராக இருக்கிற குழுவை, அந்த இடைகழியிலே சேர்த்து எண்ணுவேன்.

படப்பிடிப்பின் கடைசி நாளிலே பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர்களின் வழக்கம். காமிராவுக்கு முன்னால் சூடம் காட்டி, துளையிட்டுக் குங்குமம் நிரப்பிய காயைச் சுற்றி எறிந்து உடைக்கும்போது, உள்ளிருந்து சிவப்பாகச் சிதறுவது ரத்தத்துக்குப் பதிலானது என்பதை நாம் மறந்துவிட்டோம். பெரிய காரியம் ஒன்று முடிந்தால் பலி கேட்கும் என்று நம்பிய மனிதன், உயிரைக் கொடுக்க மனம் ஒப்பாமல் ஒரு காயைப் பிரதிநிதியாக வைத்தானே, அந்தக் கருணையை எண்ணி நான் வியக்கிறேன். வெள்ளிமலைச் சாலையின் ஒரு வளைவிலே, சொற்பப் பணத்தில் ஒரு படத்தை முடித்த இளைஞர்கள் பூசணிக்காய் உடைத்துவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு நிற்பதை நான் ஒருநாள் பார்க்க வேண்டும். கீழே இறங்க வண்டி காத்திருக்கும். மரவள்ளி மூட்டையை ஏற்றிக்கொண்டு இருசக்கர வண்டியில் வருகிற மலைக்காரர் அந்த வளைவிலே திரும்பும்போது வழுக்கி விழாமலிருக்க, சிவந்து கிடக்கும் துண்டுகளைக் குனிந்து பொறுக்கி ஓரத்திலே ஒதுக்குகிறவன் யார் என்பதைப் பார்க்க வேண்டும்.